கண்மாய்க்குப் போகுமுன் பலகையாக்குவோம்
(மதுரை கே.கே. நகரில் ஊராட்சிப் பிரதிநிதிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இந்நகரை அடுத்திருப்பது வண்டியூர்க் கண்மாய். கண்மாய்க் கரையில் எறியப்படும் பிளாஸ்டிக் பை மக்குவதில்லை. வெயிலில் நைந்து, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாகி, நீரிலும் மண்ணிலும் கலக்கிறது. கலந்தபின் அதனை மீட்பது அரிது. ஆகவே, பை பையாக இருக்கும்போதே நாம் எடுத்துவிட வேண்டும்.

எடுத்ததை எரிக்கலாமா? கூடாது, நச்சுப்புகை எழும். இதற்கு நம் மதுரையே வழிகாட்டியிருக்கிறது. தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் அவர்கள் சூடேற்றிய ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவித் தாருடன் கலந்து சாலை அமைக்கும் முறையைக் கண்டார். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை அமைந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்லையும் கழிவுப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தளக்கற்களும் செய்து காட்டினார்.

உருக்கி அச்சில் அழுத்தினால் பலகையும் கிடைக்கும். பலகையால் பெஞ்சும் மேசையும் செய்யலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பலகையை அறுக்கையில், இழைக்கையில் சிந்தும் தூளும் அதே நுண்துகள்தான். அதனைக் கூட்டி வாய்க்காலில் தள்ளினால் நம் உழைப்பெல்லாம் வீண். தூளைச் சேர்த்து மீண்டும் உருக்க வேண்டும். வெயிலில் வெடித்த பெஞ்சையும் பட்டறைக்கே திருப்பியனுப்ப வேண்டும். பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் சேர்க்கவே கூடாது. சூட்டில் அவை நச்சு வாயுவை விடும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பொருள்களை நம் அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. எஞ்சியதை வீட்டிலேயே கழுவி, உலர்த்தி, பிரித்து வைத்துத் தூய்மைக் காவலரிடம் தருவோம். நல்ல பலகைக்கு முதல் வேலை பட்டறையில் அன்று, நம் அடுக்களையிலேயே தொடங்குகிறது.