ஸ்கேவஞ்சர்: ஒரு சொல்லின் கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேதியியல் படித்துவிட்டு அவிநாசிப் பக்கம் சாயப்பட்டறையில் காலம் தள்ளியவன் நான். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். அது 'ஸ்கேவஞ்சர்'.

இந்தச் சொல் பிறந்தபோது இதில் அழுக்கே கிடையாதுங்க. பழைய லண்டன் நகரில் வெளியூர் வியாபாரிகள் விற்க வைக்கும் சரக்குக்கு ஒரு வரி உண்டு. அதை வசூலித்த அதிகாரிக்கு 'ஸ்கேவஜர்' என்று பெயர். பிற்பாடு தெருவைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. நாளடைவில் சொல் 'ஸ்கேவஞ்சர்' ஆனது. அதிகாரியை விட்டுவிட்டு, குப்பை அள்ளுகிறவருக்குப் பெயரானது.

விலங்கியல் மாணவரைக் கேட்டால், செத்த பிராணியைத் தின்று காட்டைச் சுத்தமாக்கும் பாறு கழுகைச் சொல்வார். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் அந்தக் கழுகுகள் அழிந்ததால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. வேதியியலில், வேண்டாத மிச்சத்தைப் பிடித்து நீக்கும் பொருளுக்கு இந்தப் பெயர். துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த பிறகு நாம் போடுகிற 'பெராக்சைடு கில்லர்' செய்வதும் அதே வேலைதான். போடாவிட்டால் சாயம் ஒழுங்காக ஏறாது.

கழுகுக்கும் ரசாயனத்துக்கும் மரியாதை தருகிற சொல், மனுஷனுக்கு மட்டும் ஏன் இழிவானது? இங்கே அந்த வேலையைச் சாதி பார்த்துச் சிலர் தலையில் கட்டினோம். அதுதான் காரணம். 'தோட்டி' என்றோம், 'துப்புரவுப் பணியாளர்' என்றோம். 2020-ல் தமிழக அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் பெயர் மாறினால் போதுமா?

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வரலாம், அப்பன் திரும்பி வருவானா?

நம்மில் பலர் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை நடத்துகிறோம். எல்லா இடத்திலும் தொட்டி உண்டு. அதில் தேங்குவது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராகப் போவீர்கள். "அஞ்சு நிமிஷ வேலை, ஒருத்தனை எறக்கி விடு" என்று யாராவது சொல்வார்கள். "முடியாதுங்க, லாரியைக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். லாரி வாடகையா, ஓர் உயிரா என்று கணக்குப் பார்க்கிற முதலாளி நண்பர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையைப் பம்பும் குழாயும் செய்யட்டும். அந்தப் பெயரும் அவற்றுக்கே இருக்கட்டும்.