நம்ம சின்னம் யாருக்குச் சொந்தம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



போன மாதக் கூட்டத்தில் ஒரு விஷயம் பாதியிலேயே நின்னு போச்சு. நம்ம மிளகாய்த்தூள், சாம்பார்பொடி பாக்கெட்டில் பானையும் அதைச் சுத்திக் கைகளும் இருக்கிற சின்னம் போடறோம் இல்லையா, அதை ஒரு வியாபாரி கேட்டிருக்கார். தூள் அவரோடது, அரைக்கிற மில்லும் அவரோடது. நம்ம சின்னமும், 'மகளிர் குழு தயாரிப்பு' என்கிற வரியும் மட்டும் அவர் பாக்கெட்டில் வரணுமாம். பாக்கெட்டுக்கு ஐம்பது பைசா தரேன்கிறார். "படம்தானே, கொடுத்தா என்ன குறைஞ்சு போகுது" என்று சிலர் சொன்னீங்க. கூட்டமைப்புக்குப் பணம் தேவைதான், நான் இல்லேங்கலை. ஆனால் அது வெறும் படமா என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

காலையில் நம்ம சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷனில் நின்னு பாருங்க. ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கழுத்தில் எல்லாம் ஐ.டி. கார்டு, சட்டையில் கம்பெனி சின்னம். வேலையை விட்டு நின்னா, கணக்கு முடிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கார்டைத்தான் முதலில் திருப்பிக் கேக்கறாங்க. அது பிளாஸ்டிக் அட்டைதான், பத்து ரூபா பெறாது. ஆனால் அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வெளியில் என்ன செஞ்சாலும் கம்பெனி பேரில்தான் வந்து விழும். அதனால்தான் கேக்கறாங்க.

பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு கார் கம்பெனி இருந்தது எல்லோருக்கும் தெரியும். 2022-ல் இங்கே கார் செய்யறதை நிறுத்திட்டாங்க. அவங்க நீல நிற முட்டை வடிவச் சின்னத்துக்கு ஒரு கதை இருக்கு. 2006-ல் அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு ரொம்ப நெருக்கடி. சுமார் 2,300 கோடி டாலர் கடன் வாங்கினாங்க. அதுக்கு ஈடாகத் தொழிற்சாலைகளோடு அந்தச் சின்னத்தையும் சேர்த்து அடமானம் வச்சாங்க. 2012-ல்தான் அதை மீட்டாங்க. நாம சங்கிலியை வச்சு மீட்கிற மாதிரிதான். நகையாவது எடை போட்டுப் பார்க்கலாம், சின்னத்துக்கு எடை கிடையாது. ஆனாலும் அதை நம்பி பேங்குக்காரங்க கடன் கொடுத்திருக்காங்க.

பெரிய கம்பெனிக் கதை நமக்கு எதுக்கு என்பீங்க. சரி, நம்மள மாதிரி பொம்பளைங்க கதைக்கு வரேன். 1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் போட ஆரம்பிச்சாங்க. அதுதான் லிஜ்ஜத் அப்பளம். அந்தப் பேரே 1962-ல் போட்டி வச்சு, அஞ்சு ரூபா பரிசு கொடுத்து எடுத்ததுதான். அஞ்சு ரூபாய்க்கு வாங்கின பேரு பின்னாடி என்ன விலைக்குப் போச்சுன்னா, அதே பேரில் போலி அப்பளம் மார்க்கெட்டுக்கு வந்தது. 2001-ல் அதுக்காக ஆட்களைக் கைதே பண்ணாங்க. பேருக்கு மதிப்பு இல்லேன்னா எவன் திருடுவான்?

நம்ம சின்னத்துக்கு அந்த மதிப்பு எப்படி வந்தது? கல்லு பார்த்து, காம்பு கிள்ளி, வெயிலில் காய வச்சு, சாயம் சேர்க்காமல் அரைச்சதால் வந்தது. ஒரு தடவை மிளகாய் ஈரமா இருந்ததுன்னு அந்த மூட்டையையே திருப்பி அனுப்பினோம், ஞாபகம் இருக்கா? அப்போ எல்லோரும் திட்டிக்கிட்டேதான் அனுப்பினீங்க. நாளைக்கு அந்த வியாபாரி தூளில் கலப்படம் இருந்து, உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி பிடிச்சால், பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார். பானையும் கையும் நம்மளோடது. வாங்கின அம்மா வியாபாரியைத் திட்ட மாட்டாங்க. "குழுப் பொம்பளைங்களும் இப்படித்தான்" என்பாங்க. அந்தப் பேச்சுக்கு ஐம்பது பைசா போதுமா?

இன்னொருத்தருக்குச் சின்னத்தைக் கொடுக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லலை. எழுத்துபூர்வமா ஒப்பந்தம் போட்டு, தரத்தை நாம சோதிக்கிற மாதிரி இருந்தால் கொடுக்கலாம். இவர் மில்லுக்குள்ளேயே நம்மளை விட மாட்டேங்கிறார். அப்புறம் என்ன ஒப்பந்தம்?

அதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. நம்ம சின்னம் இன்னும் பதிவு ஆகலை. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு பண்ணலாம். அலுவலகம் கிண்டியில், நம்ம ஊர் வழியா போகிற அதே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருக்கு. ஆன்லைனிலும் போடலாம். ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 9,000 ரூபா, சிறு தொழில்னு உத்யம் சான்று காட்டினால் 4,500. மசாலாத்தூள் 30-ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்து வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கணும். 'கூட்டுச் சின்னம்' என்று ஒரு வகை இருக்கு, நமக்கு அதுதான் சரி. யார் யார் போடலாம், என்ன விதிமுறை என்று எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணணும். அப்போ சின்னம் தலைவிக்கோ பொருளாளருக்கோ சொந்தமில்லை, கூட்டமைப்புக்குச் சொந்தம். பொறுப்பு மாறினாலும் சீல், லெட்டர்பேடு மாதிரி அதுவும் இங்கேயே இருக்கும்.

படத்தை வரைஞ்சு கொடுத்தது நம்ம குழு அக்கா ஒருத்தரோட பொண்ணு. அந்தப் பொண்ணு கிட்டேயும் ஒரு கடிதம் வாங்கணும். பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுக்காத வரைக்கும் படம் வரைஞ்சவங்களோடதுதான். சந்தேகப்பட்டுக் கேக்கலை, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் நமக்கும் தகராறு வரக்கூடாது.

சிலர் தமிழ்நாடு அரசு கோபுரத்தையும் சேர்த்துப் போடலாம்னு சொன்னீங்க. கூடாது. அரசு முத்திரையை அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் போட்டால் குற்றம். மலைமேல் இருக்கிற நம்ம நரசிம்மர் படத்தைக் கேட்டவங்களும் உண்டு. பெருமாள் எல்லோருக்கும் பொது, நாம மட்டும் உரிமை கொண்டாட முடியாது. 'ராமாயண்' என்கிற பேரை ஊதுபத்திக்குத் தனியா பதிவு பண்ண முடியாதுன்னு 2015-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. தவிர, பாக்கெட்டைக் கிழிச்சுக் குப்பையில்தானே போடுவாங்க, அதில் சாமி படம் எதுக்கு?

வியாபாரிக்கு நான் சொல்றது இதுதான். நம்ம தூளை வாங்கி, நம்ம பாக்கெட்டிலேயே விக்கட்டும், கமிஷன் கொடுப்போம். வெறும் சின்னம் மட்டும் வேணும்னா கிடையாது. பதிவுக்கான 4,500 ரூபாயை இந்த மாசப் பொது நிதியிலிருந்து எடுக்கத் தீர்மானம் எழுதி வச்சிருக்கோம். புத்தகம் பொருளாளர் மேஜையில் இருக்கு. சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு பேர் வந்து படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்களும் காரணத்தை அதிலேயே எழுதலாம்.