விளக்கப்படத்தை நம்பி வீட்டுப் பணத்தைப் போடலாமா?

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் வட்டியில்லா அழகிய கடன் கேட்டு ஒரு தம்பி நம் டிரஸ்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம்; அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். கடையில் வேலை பார்ப்பவர். வேலை நேரம் போக செல்போனில் ஷேர் டிரேடிங் செய்திருக்கிறார். போனது அவர் பணம் மட்டுமல்ல, மனைவியின் நகையை அடகு வைத்த பணமும்தான். "ஆர்.எஸ்.ஐ. 30க்குக் கீழே வந்தது, இனி ஏறும் என்று வாங்கினேன்" என்றார்.

அது என்ன? 1978இல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட கணக்கு. வழக்கமாக, கடந்த 14 நாட்களில் விலை ஏறிய அளவையும் இறங்கிய அளவையும் ஒப்பிட்டு, 0 முதல் 100க்குள் ஓர் எண் தரும். 70க்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், 30க்குக் கீழே வந்தால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்று பொருள் கொள்வார்கள். 50 நாள், 200 நாள் சராசரிகளும் நடந்து முடிந்த விலைகளின் கணக்கே. கணக்கு பொய்யல்ல, ஆனால் நாளைய விலை அதற்குள் இல்லை. விழுகிற பங்கு 30க்குக் கீழே கிடந்தபடியே இன்னும் விழலாம்.

நம் ஊர் கடைமடை. போன வருடம் வாய்க்காலில் வந்த தண்ணீரை மட்டும் நம்பி இந்த வருடம் நாற்று விடுவோமா? காய்க்கும் தென்னையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் 2018 நவம்பரில் கஜா புயலில் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வுகளைக் கேளுங்கள். 2022-23இல் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களில் 10க்கு 7 பேருக்கு நஷ்டம். வருடத்தில் 500 முறைக்கு மேல் செய்தவர்களில் 10க்கு 8 பேருக்கு நஷ்டம். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் 100க்கு 93 பேர் இழந்தனர்.

மார்க்கத்தையும் பார்ப்போம். இன்று வாங்கும் பங்கு அடுத்த வேலை நாளில்தான் நம் டீமேட் கணக்கில் சேரும். கைக்கு வராத பொருளை விற்பது கூடாது என்பதால், அன்றே விற்பதை உலமாக்கள் பலர் தடுக்கிறார்கள். தரகரின் பணத்தில் வாங்கி நாள் கடத்தினால் வட்டி வந்துவிடும். ஆப்ஷன் ஒப்பந்தம் கூடாது என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் பங்கைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருப்பதை நிபந்தனைகளோடு அனுமதிப்போர் உண்டு. ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இளைஞர்களே, கற்றுக்கொள்வதை நாம் தடுக்கவில்லை. கடன் வாங்கியோ, நகையை வைத்தோ, வளைகுடாவிலிருந்து அத்தா அனுப்பும் பணத்தை எடுத்தோ செய்யாதீர்கள். நஷ்டம் வந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பியின் மனைவிக்கு, நகையை மீட்க நாம் கடன் கொடுத்த அன்றுதான் விவரமே தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நம் கண்ணில் நிற்கிறது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.