தளம் போட்ட வீடும் தீயும்



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் தீயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். ஓலைக்குடிசையில் வளர்ந்த நமக்குத் தீயின் அச்சம் புதிதன்று. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதை மறந்துவிட்டு இம்மேடையில் தீ என்னும் சொல்லை நாம் உச்சரிக்க இயலாது. அது கொலை, விபத்தன்று. இன்று நாம் ஆராய்வது, தளம் போட்ட வீடுகளில் கவனக்குறைவாலும் மின்கோளாறாலும் மூளும் தீயை.

கூரை மாறியதும் அச்சம் தீர்ந்தது என்று எண்ணிவிட்டோம். கான்கிரீட் எரியாது என்பது மெய்யே. எரிவது உள்ளேயிருக்கும் பொருள். காஞ்சிபுரத்தை அடுத்து வாழும் நமக்குப் பட்டின் இயல்பு தெரியும். அசல் பட்டிழை மயிர் கருகும் நாற்றத்துடன் மெல்ல எரிந்து, நெருப்பை விலக்கியதும் அவிந்துவிடும். பாலியெஸ்டர் இழையோ உருகிச் சொட்டி எரியும். இன்றைய வீட்டின் திரையும் நுரைப்பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும் பட்டின் இனமல்ல. அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்தார் இருவகை அறைகளை எரித்துச் சோதித்தனர். பழைய வகைப் பொருள்கள் நிறைந்த அறை முழுதும் பற்றிக்கொள்ள ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று. புதுவகை அறைக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. அந்த 5 நிமிடத்திற்குள் காஞ்சிபுரத்திலிருந்து எந்த வண்டியும் முசரவாக்கம் வந்து சேராது.

ஆகவே நாமே வெளியேற வேண்டும். வழி உண்டா? திருடனுக்கு அஞ்சிச் சன்னல்தோறும் இரும்புக் கம்பி. வாயிலை அடைத்து மின் ஸ்கூட்டர், அதுவும் இரவெல்லாம் மின்னேற்றத்தில். பூட்டிய கம்பிக்கதவின் சாவி இருக்குமிடம் பாட்டிக்குத் தெரியாது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவியது. இறங்க இருந்ததோ குறுகிய படிக்கட்டு. கூரையைச் சொல்வோர் படிக்கட்டைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

எரியும் அறையின் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். புகை சற்றே தாமதிக்கும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது, தரையோடு தங்கும். நாற்றம் கண்டால் சுவிட்சைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்த பின்னரே 101 அல்லது 112க்குப் பேசுங்கள்.

தீயணைப்போர் நிற்குமிடத்தில் நின்றும் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். உள்ளே எவர் சிக்கியுள்ளார், எரிவாயு உருளை எங்கே, மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்பவற்றையே அவர்கள் முதலில் கேட்பர். பதில் சொல்ல ஒருவர் தெருவில் நிற்க வேண்டும். அவர்களது வண்டி ஏறத்தாழ 8 அடி அகலம்; ஆள் இறங்கிக் குழாய் இழுக்க 12 அடியாவது வேண்டும். நாமோ ஆளுக்கொரு படியாகத் தெருவுக்குள் நீட்டிவிட்டோம்.

வரும் ஞாயிறன்று இளைஞர்கள் 12 அடிக் கயிற்றுடன் தெருத்தெருவாக அளந்து வரட்டும். கயிறு இடிக்கும் வீட்டார் சினப்பர். எனவே நம் வீட்டுப் படியிலேயே தொடங்குங்கள். அது ஒன்றரை அடி வெளியே நிற்கிறது.