கையும் சுக்கானும்

ஆங்கிலத்தில் ‘மனூவரபிலிற்றி’ என்றொரு சொல் உண்டு. மாலுமிகளும் விமானிகளும் வாகனம் விற்போரும் அடிக்கடி எடுத்தாளும் சொல் அது. அதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்தோர் சிலர் ‘சூழ்ச்சித்திறன்’ என்று எழுதிவிடுகின்றனர். திருக்குறளிற் சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதலைக் குறிக்கும். இன்றைய வழக்கிலோ அது வஞ்சனை என்னும் பொருளிலேயே நிற்கின்றது. சூழ்ச்சித்திறன் மிக்க முச்சக்கரவண்டி என்றால் நேயர்கள் நகைப்பார்களன்றோ?

சொல்லின் பிறப்பை நோக்கினால் வஞ்சனைக்கு அங்கே இடமில்லை. இலத்தீன் மொழியில் ‘மனுஸ்’ என்பது கை. ‘ஒப்பெராரி’ என்பது வேலை செய்தல். இரண்டுங் கூடிப் பிரெஞ்சு மொழியின் வழியாக ‘மனூவர்’ என ஆயின. கையாற் செய்யும் வேலை என்பதே மூலப்பொருள். எருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிற் பிறந்ததுதான். நிலத்தைக் கையாற் பண்படுத்தல் என்பது அதன் பழம்பொருள். 18ஆம் நூற்றாண்டில் படைகளை இடமறிந்து நகர்த்துதற்கு மனூவர் என்னும் பெயர் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. பின்னர் அரசியலாரின் காய்நகர்த்தலும் அப்பெயரைப் பெற்றது. சூழ்ச்சி என்னும் பெயர்ப்பு இக்கிளையைப் பற்றி எழுந்தது போலும்.

வேகம் வேறு, வலிமை வேறு, இத்திறன் வேறு. செலுத்துவோன் எண்ணிய பக்கம், உள்ள இடத்துக்குள்ளேயே, திரும்பவும் நிற்கவும் இணங்குந் தன்மையை இச்சொல் குறிக்கின்றது. ஒடுங்கிய ஒழுங்கையில் லொறி முன்னும் பின்னுமாகப் பலமுறை அசைந்து திரும்பும்; முச்சக்கரவண்டி ஒரே வளைவில் திரும்பிவிடும். ‘கையாளுந்திறன்’ எனின் மூலச்சொல்லிலுள்ள கையும் தமிழில் வந்துவிடுகிறது.

எனினும் கடலிலேதான் இச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். சுக்கான் தானாகக் கப்பலைத் திருப்புவதில்லை. அதன்மேல் நீர் பாயவேண்டும். கப்பலின் பின்புறத்தே சுழலும் விசிறி தள்ளும் நீரே சுக்கானுக்குப் பெரிதும் வலுவளிப்பது. மெல்லச் செல்லுங் கப்பல் நன்கு அடங்கிய கப்பல் என்று கரையில் நிற்போர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. வேகங் குறையக் குறையக் கப்பல் சுக்கானுக்கு அடங்காது போகும். துறைமுகத்தில் இழுவைப்படகுகள் துணைவருவது இதனாலேயே.

1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்விதிகள் இத்திறனை இழந்த கப்பலுக்குத் தனி அடையாளம் வகுத்துள்ளன. இரவில் ஒன்றன்மேலொன்றாக இரண்டு செவ்விளக்குகள். பகலில் அவ்வாறே இரண்டு உருண்டை வடிவங்கள். இவற்றைக் கண்டதும் ஏனைய இயந்திரக் கப்பல்கள் விலகிச் செல்லல் வேண்டும்.

விலகமுடியாதது எதிரே நின்றால்? 2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அதிகாலை, அமெரிக்காவின் பால்ரிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கி ‘டாலி’ என்னுங் கொள்கலக் கப்பல் புறப்பட்டது. நீளம் ஏறத்தாழ 300 மீற்றர். துறையினின்று வெளிப்படுத்திய இழுவைப்படகுகள் திரும்பிவிட்டன. பெரும்பாலத்தை அணுகுகையிற் கப்பலில் மின்சாரம் அற்றது, இயந்திரம் நின்றது. அப்போது அதன் வேகம் மிதிவண்டியின் வேகத்துக்கு மேற்பட்டதன்று. அவசர மின்னாக்கி சுக்கானை அசைக்க உதவியபோதும், விசிறி சுழலாமையால் அவ்வசைவுக்கு வலு மிகக் குறைந்திருந்தது. நங்கூரமும் இறக்கப்பட்டது. அபாய அறிவித்தல் கிடைத்ததும் காவலர் பாலத்திற்கு வரும் வாகனங்களை இருபுறமும் மறித்தனர். அதனாற் பல உயிர்கள் தப்பின. பாலத்தின்மேல் வீதியிலுள்ள பள்ளங்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளருள் அறுவர் பாலத்தோடு நீரில் வீழ்ந்து மாண்டனர்.