செத்தவர் எழுந்த கதை



மாண்டவர் மீண்டு வருவார் என்று ஊரெல்லாம் கதை சொல்கிறார்கள். நாம் ஒருவரையும் கண்டதில்லை. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டு பிணமாக இருந்து எழுந்த ஒருவர் உண்டு.

வட இந்தியாவில் ஆசம்கர் மாவட்டத்து ஏழை லால் பிகாரி. 1970களில் கடன் கேட்கப் போனார். "நீ செத்துவிட்டாய்" என்றது பதிவேடு. நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினர், அதிகாரிக்குக் கைக்கூலி கொடுத்து அவரைச் சாகடித்திருந்தார். எமனுக்குப் பாசக்கயிறு வேண்டும். அதிகாரிக்குப் பேனாவே போதும்!

அவர் தமக்கே ஈமச்சடங்கு நடத்தினார். மனைவிக்கு விதவைப் பணம் கேட்டார். 1989இல் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலிலும் நின்றார். பிணத்தின் வேட்புமனுவை வாங்கிக்கொண்டார்கள்; உயிரை மட்டும் திருப்பித் தரவில்லை!

தம்மைப் போல் ஏட்டில் செத்தவர்களைத் திரட்டி 'இறந்தோர் சங்கம்' கண்டார். ஓயாமல் போராடினார். 1994இல் அதே பதிவேடு அவரை உயிர்ப்பித்தது. வானத்திலிருந்து எவரும் இறங்கி வரவில்லை. எழுதிய பேனா அடித்து எழுதியது, அவ்வளவுதான் அற்புதம்!

இதில் நமக்குப் பாடம் இல்லையா? பெரட்டில் நின்றவன் பெயர் ஏட்டில் விழாவிட்டால், அன்று அவனும் பிணந்தானே! பால்வெட்டும் தோழரே, உங்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிராணியாரே, உங்கள் பேனாவில் ஓர் உயிர் இருக்கிறது, மறவாதீர்கள்.

செத்தபின் எழுவது இருக்கட்டும். உயிரோடிருக்கும்போதே எழுந்து நிற்போம்!