வாசலில் நின்ற பெரியவர்



கள்ளக்குறிச்சியிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவைத் தெரியாமல் இருக்காது. நம் உயர்மறைமாவட்டத்துக் கோயில் அல்லவா! 1907இல் மந்திரிக்கப்பட்டது, 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

கோத்திக் கோயில்களில் வளைவுகள் நுனி கூராக இருக்கும். அழகுக்காக மட்டும் அல்ல. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூரான வளைவோ அதைப் பெரும்பாலும் கீழே, தூண்களின் மேல் இறக்கிவிடும். அங்கே 24 பெரிய தூண்கள். சுமையைத் தூண்கள் வாங்கிக்கொண்டால், சுவரைத் திறந்து ஜன்னல் வைக்கலாம். அப்படித்தான் வண்ணக் கண்ணாடியில் 28 புனிதர்களுக்கு இடம் கிடைத்தது.

கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெரியவரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றியவர் வாசலோடு நின்றுவிட்டார். "நான் இப்படியே நிக்கறேன் சாமி, நீங்க போயிட்டு வாங்க." அவர் தலைக்கு மேலே லத்தீனில் ஒரு வசனம்: இந்த இல்லத்தைத் தமக்கென்று புனிதப்படுத்தியதாக ஆண்டவர் சாலமோனிடம் சொன்னது. வீட்டுக்காரர் அவர். வெளியே நிற்கச் சொல்லி இவரைப் பழக்கியது யார்? நாம்தான்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். காலை வெயில். அவருடைய வெள்ளைத் துண்டில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"வெளிய இருந்து பாத்தப்ப கருப்பாத்தானே சாமி இருந்துச்சு?"

வரும் ஞாயிறு திருப்பலியில் நம் கோயில் வாசலையும் திரும்பிப் பாருங்கள். யாராவது நின்றால், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அவர்களைக் கூப்பிடுங்கள்.